பேட்டரியை ஸ்டோர் ரூம்ல பூட்டி வைக்காதீங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. கரண்ட் இல்லாத தோட்டக் கோயிலுக்கு ஞாயித்துக்கிழமை கூட்டுப்பணிக்குப் போறவங்க, செயலவையில இருக்கிறவங்க, வெளியூர்ல இருந்து உபயம் அனுப்புறவங்க, எல்லாரும் பொறுமையா படிங்க. டவுன் கோயில்காரங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது.

இப்போ பல தோட்டக் கோயில்ல பேட்டரி டிரில், பேட்டரி கிரைண்டர் வந்தாச்சு. நல்ல விஷயம்தான். ஆனா நடக்குறது என்ன? திருவிழா முடிஞ்சதும் எல்லாத்தையும் ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிடுறோம். அடுத்த வருஷம் கொடியேத்தத்துக்குப் பத்து நாள் முன்னாடி திறக்குறோம். பாதி பேட்டரியில சார்ஜே ஏற மாட்டேங்குது. யாராவது ஒரு தம்பி பாவம்னு புதுசா ரெண்டு வாங்கித் தர்றாரு. அதுவும் அதே ரூமுக்குள்ள போகுது.

என் கருத்து இதுதான். லித்தியம் பேட்டரியை சாமி நகை மாதிரி பூட்டி வச்சா பணமும் வீண், கோயிலுக்கும் ஆபத்து. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மூணு நாலு தோட்டக் கோயில் சேர்ந்து ஒரே செட் வாங்கணும். அதைச் சுத்தி விட்டு வருஷம் பூரா வேலை வாங்கணும். இதைச் சொன்னா சில பெரியவங்களுக்குக் கோபம் வருது. "நம்ம கோயில் சாமானை அடுத்த கோயிலுக்குக் கொடுக்கிறதா?"ன்னு கேக்குறாங்க. அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதுறேன்.

முதல்ல நம்ம நிலைமை. நான் தொண்டு செய்யுற கோயில் கோல சிலாங்கூர் பக்கம், செம்பனைக்கு நடுவுல இருக்கு. பேர் வேண்டாம், இதே மாதிரி எத்தனையோ இருக்கு. ரப்பர் காலத்துல தோட்டத்து ஜனங்க கட்டுன அம்மன் கோயில். அப்போ தோட்டத்து இஞ்சின் சாயந்திரம் ஓடும், அதுல இருந்து கோயிலுக்கும் ரெண்டு பல்பு எரியும். ஜனங்க தாமான் வீட்டுக்கும் ஃப்ளாட்டுக்கும் மாறிப் போனாங்க, லயத்து வீடெல்லாம் இடிச்சாச்சு, இஞ்சினும் போச்சு. அம்மன் மட்டும் அங்கேயே இருக்கா. கரண்ட் லைன் இழுக்கலாம்னா நிலம் நம்ம பேர்ல இல்ல. பெரிய ரோட்டுக் கம்பத்துல இருந்து ரெண்டரை கிலோமீட்டர் வேற. ஆக, ஒரு தகரம் மாத்தணும்னாலும் ஜென்செட்டைத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்.

ஜென்செட் பத்தி நான் குறை சொல்ல வரலை. 15 வருஷமா அதுதான் நமக்குச் சோறு போட்டுச்சு. ஆனா ஒரு விஷயம் யாரும் பேசுறதில்லை. கோயில்ல தரை எப்பவும் ஈரம். அபிஷேகத் தண்ணி ஓடும், கழுவி விடுவோம், மழை வேற. அந்த ஈரத்துல 30 மீட்டர் ஒயரை இழுத்து, நடுவுல ரெண்டு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, இணைப்புல பிளாஸ்டிக் பையைச் சுத்தி, வெறுங்கால்ல நின்னு கிரைண்டர் பிடிக்கிறோம். வீட்டுல இருக்கிற மாதிரி இ.எல்.சி.பி. அந்த ஒயர்ல பெரும்பாலும் இருக்காது. 230 வோல்ட் உடம்புல பாஞ்சா, கோயில் வேலைன்னு அது பார்க்காது. 18 வோல்ட் பேட்டரி டூல்ல அந்தப் பயம் இல்ல. ஒயரும் இல்ல, தடுக்கி விழவும் வேண்டாம். கோலம் போடுற அக்காங்க, ஓடுற பிள்ளைங்க எல்லாரும் நடமாடுற இடம். என்னைக் கேட்டா பேட்டரி டூல் வாங்க இந்த ஒரு காரணமே போதும். சத்தம், புகை, பெட்ரோல் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

புகைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. மழை வந்தா ஜென்செட்டை மடப்பள்ளி ஓரத்துல தள்ளி வைக்கிற பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு. தயவு செஞ்சு வேண்டாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. உள்ள சமைக்கிறவங்களுக்குத் தலைவலி வந்து மயங்குற வரைக்கும் தெரியாது.

சரி, பேட்டரி எவ்வளவு வேலை செய்யும்? இதுல ரெண்டு பக்கமும் மிகையாப் பேசுறாங்க. வாங்கச் சொல்ற தம்பிங்க "எல்லாம் செய்யும் அண்ணே"ங்கிறாங்க. வேண்டாம்கிற பெரியவங்க "பொம்மை சாமான்"ங்கிறாங்க. கணக்கு சுலபம். வோல்ட்டையும் ஆம்ப் ஹவரையும் பெருக்கினா வாட் ஹவர். 18 வோல்ட், 5 ஆம்ப் ஹவர் பேட்டரின்னா 90 வாட் ஹவர். அவ்வளவுதான் உள்ள இருக்கிற பெட்ரோல்.

நாலு இன்ச் கிரைண்டர் இரும்பு வெட்டும்போது சுமார் 500 வாட் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க. 90 வாட் ஹவர் பத்து, பதினோரு நிமிஷத்துல காலி. நாலு கம்பி வெட்ட, ஒரு வெல்டு பிசிறை எடுக்க அது போதும். பூரா கேட்டையும் துரு எடுக்கப் போறேன்னா போதாது. அதே பேட்டரியை இம்பாக்ட் டிரைவர்ல மாட்டிப் பாருங்க, கதையே வேற. போன வருஷம் மடப்பள்ளிக் கூரை மாத்தினோம். 40 தகரம், தகரத்துக்கு 16 திருகு, ஆக 640 திருகு. மூணு பேட்டரியை மாத்தி மாத்திப் போட்டு ஒரே நாள்ல முடிச்சோம், ஜென்செட்டைத் திறக்கவே இல்ல. திருகு இறங்குற ரெண்டு செகண்ட் மட்டும்தான் கரண்ட் போகுது, ஏணியில ஏறி தகரத்தை நேரா வைக்கிற நேரம் பூரா பேட்டரி சும்மா இருக்கு. கோயில் வேலையில முக்கால்வாசி இப்படித்தான். துளை போடுறது, ரிவெட் அடிக்கிறது, பந்தல் சட்டம் முடுக்குறது, தோரணத்துக்கு ஆணி, விழுந்த கிளையை வெட்டுறது, செம்பனை மட்டைக் குப்பையை ஊதித் தள்ளுறது. எல்லாம் விட்டு விட்டுச் செய்யுற வேலை.

வெல்டிங், கான்கிரீட் உடைக்கிறது, ஒன்பது இன்ச் கட்டர், கிணத்து மோட்டார், இதுக்கெல்லாம் பேட்டரியை நம்பாதீங்க. அதுக்கு ஜென்செட் இருக்கட்டும். சில கோயில்ல "பேட்டரி வந்தாச்சு"ன்னு ஜென்செட்டை வித்துட்டதாக் கேள்விப்பட்டேன். அவசரம்.

அடுத்து, பவர் ஸ்டேஷன்னு ஒரு பெரிய பெட்டி விக்கிறாங்க இல்லையா, அதைப் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு கிலோவாட் ஹவர் பெட்டி. அதுல சுவர் பிளக் மாதிரியே பிளக் இருக்கும். நல்ல சாமான்தான், குறிப்பா எல்.எஃப்.பி. வகை செல் இருந்தா. ஆனா டூல் ஓட்டத்தான் வேணும்னா முதல்ல அதை வாங்காதீங்க. அதுல இருக்கிற 1,000 வாட் ஹவர் இன்வர்ட்டர் வழியா 230 வோல்ட்டா வெளிய வரும்போதே 850 ஆயிடும். அதுல சார்ஜரை மாட்டி டூல் பேட்டரிக்கு ஏத்தினா அங்கேயும் கொஞ்சம் சூடாப் போகும். கடைசியில 90 வாட் ஹவர் பேட்டரி எட்டு நிறைஞ்சா பெரிசு. அந்தப் பெட்டி விலைக்கே நல்ல பிராண்ட் டூல் பேட்டரி ஏழெட்டு நேரா வாங்கிடலாம். வீட்டுல சார்ஜ் பண்ணி, கூடையில வச்சுக் கொண்டு போனா முடிஞ்சுது. பூசைக்கு லைட், மைக், ஃபேன் வேணும்ங்கிற கோயிலுக்குப் பெட்டி அவசியம், அது வேற கணக்கு. அதுலயும் கிணத்து மோட்டாரை மாட்டாதீங்க. மோட்டார் கிளம்புற நொடியில ஓடும்போது இழுக்கிறதைப் போல பல மடங்கு இழுக்கும், பெட்டி கத்திட்டு நின்னுடும்.

சோலார் தகடு? எங்க கோயிலைச் சுத்தி செம்பனை. காலை பத்து மணிக்கு முன்னாடியும் மூணு மணிக்குப் பின்னாடியும் கூரை மேல நிழல். அந்த நடுவுலயும் நம்ம ஊர் மத்தியான மேகத்தைச் சொல்லவே வேண்டாம். தகடை விட்டுட்டு வந்தா அடுத்த வாரம் இருக்குமாங்கிறது இன்னொரு கேள்வி.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். பேட்டரி ஏன் செத்துப் போகுது?

ஜென்செட்டை ஆறு மாசம் சும்மா வச்சா கார்புரேட்டர் அடைக்கும், துடைச்சு மாட்டினா ஓடும். லித்தியம் அப்படி இல்ல. திருவிழா கடைசி நாள் பேட்டரி காலி ஆனதும் அப்படியே தூக்கி வச்சா, உள்ள இருக்கிற சின்ன போர்டு கொஞ்சம் கொஞ்சமா மிச்சத்தையும் குடிச்சிடும். செல் வோல்ட் ஒரு அளவுக்குக் கீழ இறங்கிட்டா சார்ஜர் அதை ஏத்துக்காது. அது பாதுகாப்புக்காகத்தான். சிலர் புத்திசாலித்தனமா முழுசா சார்ஜ் பண்ணி வைக்கிறாங்க. அதுவும் தப்பு. முழு சார்ஜோட சூட்டுல கிடந்தா செல்லோட கொள்ளளவு நிரந்தரமா குறைஞ்சுக்கிட்டே போகும். எங்க ஸ்டோர் ரூம் தகரக் கூரை. ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன், 41 டிகிரி. சும்மா வைக்கணும்னா நாலு கோட்டுல ரெண்டு கோடு எரியுற அளவுக்குச் சார்ஜ் வச்சு, வீட்டுக்குள்ள நிழலான இடத்துல வைக்கணும், மாசம் ஒரு தடவை பார்க்கணும். பூட்டின ரூமுக்குள்ள யார் போய் மாசாமாசம் பார்க்கிறது?

வருஷத்துல மூணு வாரம் வேலை, 49 வாரம் சூட்டுல தூக்கம். இப்படி வச்சா 350 வெள்ளி பேட்டரி ரெண்டு மூணு திருவிழாவுக்கு மேல தாங்காது. அதே பேட்டரியை ஒரு ரெனோவேஷன் காண்ட்ராக்டர் தினமும் அடிக்கிறாரு, அவர்கிட்ட அது வருஷக் கணக்கா உழைக்குது. உழைக்கிறதால கெடுற வேகத்தை விட, நாம வச்சிருக்கிற லட்சணத்துல கெடுற வேகம் அதிகம்.

ஸ்டோர் ரூம் வேண்டாம்ங்கிறதுக்கு ரெண்டாவது காரணம் இதைவிடப் பெரிசு. அந்த ரூம்ல வேற என்னென்ன இருக்குன்னு கண்ணை மூடி யோசிங்க. சூடம் டப்பா, நல்லெண்ணெய் டின், நெய், ஊதுபத்தி, சாமி பட்டுப் புடவை, தோரணத் துணி, காகிதப் பூ, ரதத்துச் சீலை, போன வருஷ பேனர். தீக்குச்சி கிழிக்கத்தான் ஆள் இல்ல. அந்த இடத்துல ராத்திரி பூரா சார்ஜ் போட்டுட்டு, "காலையில ரெடியா இருக்கும்"னு வீட்டுக்குப் போறாங்க. ஜென்செட் ஓடிக்கிட்டு இருக்கு, ஆள் இல்ல. இதை என் கண்ணால பார்த்திருக்கேன், வேற ஒரு கோயில்ல.

லித்தியம் செல் பத்திக்கிட்டா சாதாரணத் தீ மாதிரி இருக்காது. ஒரு செல் சூடாகி அடுத்த செல்லைக் கிளப்பும், எரியுற வாயு பீச்சி அடிக்கும், விஷப் புகை வரும். தூள் தீயணைப்பான் அடிச்சா ஜுவாலை அடங்கும், ஆனா உள்சூடு போகாது, திரும்பப் பத்தும். சூடு தணிக்க நிறைய தண்ணி வேணும். சிங்கப்பூர்ல மின்ஸ்கூட்டர் வீட்டுக்குள்ள சார்ஜ்ல இருக்கும்போது தீப்பிடிக்கிறது பெரிய பிரச்சினையாகி, 2020 ஜூலையில இருந்து யூ.எல். 2272 சான்று இல்லாத ஸ்கூட்டரை ஓட்டவே கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. அங்க தீயணைப்பு வண்டி சில நிமிஷத்துல வந்துடும். நம்ம தோட்டத்துக்கு? 999 அடிச்சு, செம்மண் ரோட்டை விளக்கி, தோட்டத்து கேட்டுச் சாவி யார்கிட்டன்னு தேடி, வண்டி உள்ள வர்றதுக்குள்ள அம்மன் சன்னதிக் கூரை இருக்காது. நம்ம பாட்டன் பூட்டன் நட்ட சூலம் அங்க இருக்கு. அதுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை. நல்ல பேட்டரி, சரியான சார்ஜர், ஆள் முழிச்சிருக்கிற நேரம், திறந்த சிமெண்ட் தரை, இந்த நாலும் இருந்தா பெரிய ஆபத்து இல்ல. நான் வீட்டு முன்வாசல்ல, சுத்தி எதுவும் இல்லாத இடத்துல சார்ஜ் போடுறேன், தூங்கப் போறதுக்கு முன்னாடி எடுத்துடுறேன். வேலையில இருந்து சூடா வந்த பேட்டரியை உடனே சார்ஜர்ல மாட்டுறதில்லை. வெயில்ல நிக்கிற காருக்குள்ள, டேஷ்போர்டுல விட்டுட்டுப் போறதில்லை. வீங்கினது, கீழ விழுந்து உடைஞ்சது, நெயில் பாலிஷ் மாதிரி வாடை அடிக்கிறது, இது எதையும் திரும்ப சார்ஜ் போடாதீங்க. கட்டடத்தை விட்டுத் தள்ளி வெட்டவெளியில வைங்க. முனையில டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கிற இடத்துல கொடுங்க. தோட்டத்துக் குப்பைக் குழியில போட்டுக் கொளுத்திடாதீங்க, நம்ம ஆளுங்களுக்கு எதையும் கொளுத்துற பழக்கம்.

சரஸ்வதி பூசை, ஆயுத பூசை அன்னைக்குத் தம்பிங்க ஆர்வத்துல டிரில்லுக்கும் பேட்டரிக்கும் சந்தனம் குழைச்சு அப்புறாங்க. டூல் உடம்புல ஒரு பொட்டு வைங்க போதும். பேட்டரி முனையில ஈரச் சந்தனம் வேண்டாம். கழுவி எடுக்கவும் முடியாது, துடைச்சாலும் இடுக்குல நிக்கும்.

"நல்ல பேட்டரி"ன்னா என்னன்னு கேப்பீங்க. ஆன்லைன்ல 99 வெள்ளிக்கு டிரில், ரெண்டு பேட்டரி, பெட்டியோட வருது. மேல "128 வோல்ட்"னு போட்டிருக்கும், சிலதுல "98 விஎஃப்". இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. உள்ள திறந்தா தொடரா அஞ்சு செல்தான். ஒரு செல் சராசரி 3.6 வோல்ட், அஞ்சுக்கு 18. முழு சார்ஜ்ல ஒரு செல் 4.2, அஞ்சுக்கு 21. நல்ல பிராண்ட்லயே ஒருத்தர் 18னு போடுறாரு, இன்னொருத்தர் 20 மேக்ஸ்னு போடுறாரு, ரெண்டும் ஒண்ணுதான். 128ங்கிறது வெறும் ஸ்டிக்கர். வோல்ட்டுலயே இவ்வளவு கூசாமப் பொய் சொல்றவங்க, உள்ள ஒவ்வொரு செல்லையும் கவனிக்கிற போர்டு வச்சிருப்பாங்கன்னு எப்படி நம்புறது?

பிராண்ட் மாதிரியே போலியும் வருது. அதைப் பிடிக்க மடப்பள்ளித் தராசு போதும். இந்த வகை 18650 செல் ஒண்ணு 45லிருந்து 48 கிராம் வரும். அசல் 5 ஆம்ப் ஹவர் பேட்டரியில வழக்கமா பத்து செல் இருக்கும், அதனால கூடு, போர்டு எல்லாம் சேர்த்து 600 கிராமுக்குக் கிட்டத்தட்ட வரணும். "9 ஆம்ப் ஹவர்"னு எழுதி 400 கிராம் காட்டினா உள்ள அஞ்சு செல்தான் இருக்கு, மிச்சம் காத்து. எங்களுக்கு உபயமா வந்த நாலை இப்படி நிறுத்துப் பார்த்தோம். ரெண்டு தேறலை. கொடுத்தவருக்கே அது தெரியாது, நல்ல மனசுல வாங்கிக் கொடுத்தாரு. சார்ஜருக்கு சிரிம் முத்திரை இருக்கான்னும் பாருங்க. பிராண்ட் மாத்தி மாட்டுற அடாப்டர் வேண்டவே வேண்டாம். சில கம்பெனி பாதுகாப்பு போர்டைப் பேட்டரிக்குள்ள வைப்பான், சிலர் டூலுக்குள்ள. மாத்தி மாட்டினா நடுவுல யாரும் காவல் இல்லாமப் போக வாய்ப்பிருக்கு.

இங்கதான் உபயக்காரங்க விஷயம் வருது. "கொடுக்கிறவர்கிட்ட இந்த பிராண்ட்தான் வேணும்னு கேக்கலாமா, அது மரியாதையா?"ன்னு எங்க தலைவர் கேட்டாரு. நியாயமான கேள்வி. ஆனா அன்னதானத்துக்கு என்ன அரிசி, எத்தனை கிலோ, எந்தத் தேதிக்குள்ள வரணும்னு நாம சொல்லத்தானே செய்யுறோம்? கும்பாபிஷேகத் திருப்பணியில பெயிண்ட் எந்த நம்பர்னு சொல்லலையா? அதுல இல்லாத கூச்சம் இதுல மட்டும் ஏன்? சொல்லாம விட்டதால இன்னைக்கு எங்ககிட்ட நாலு பிராண்ட், நாலு சார்ஜர், ஒண்ணு இன்னொண்ணுல மாட்டாது. ஏணி மேல நிக்கிறவன் பேட்டரி கேட்டா கீழ நிக்கிறவன் நாலு பெட்டியைத் தடவுறான்.

நான் செயலவையில வச்ச யோசனை இது. எங்களைச் சுத்தி பத்து, பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள இதே நிலைமையில இன்னும் ரெண்டு கோயில் இருக்கு. ஒண்ணுல பங்குனி உத்திரம், எங்களுக்குச் சித்திரையில திருவிழா, மூணாவதுல ஆடி. தேதி மோதுறதே இல்ல. ஒரே பிராண்ட்ல 5 ஆம்ப் ஹவர் பேட்டரி ஆறு, சார்ஜர் ரெண்டு, இம்பாக்ட் டிரைவர் ரெண்டு, சுத்தியல் டிரில் ஒண்ணு, நாலு இன்ச் கிரைண்டர் ஒண்ணு. கடைக்குக் கடை விலை மாறும், ஆனா கிட்டத்தட்ட 4,000 வெள்ளிக்குள்ள முடியும். மூணு கோயிலும் பங்கு போட்டா ஆளுக்கு 1,300 சொச்சம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு மூணு கோயிலுமே ஒண்ணாத்தான் போறோம், அப்பவும் அந்த செட்டே போதும்.

பேட்டரிக்கு ஒண்ணுலிருந்து ஆறு வரைக்கும் பெயிண்ட்ல நம்பர், வாங்கின மாசம், வருஷம். ஒரு நோட்டுப் புத்தகம். யார் எடுத்தாங்க, எத்தனை கோடு இருந்துச்சு, கீழ விழுந்துச்சா, சூடாச்சா. அவ்வளவுதான் எழுதணும். கோயிலுக்கு ஒருத்தர் பொறுப்பு. செட் அவர் வீட்டுல இருக்கும், கோயில்ல இருக்காது. வேலை அன்னைக்குக் காலையில போகும், சாயந்திரம் திரும்பும். மாசம் ஒரு நாளாவது ஏதாவது ஒரு கோயில்ல வேலை இருக்கும், அதனால பேட்டரி தூங்காது. அஞ்சாவது வருஷம் எல்லாம் தளர்ந்து போனா வருத்தமில்ல, உழைச்சுத் தளர்ந்திருக்கும்.

எங்க பொருளாளர் ஐயாவுக்கு 74 வயசு. அவருக்கு இதுல ரெண்டு ஆட்சேபம். ஒண்ணு, "இந்த வயசுல இதெல்லாம் எனக்கு எதுக்கு?" அவருக்கு நான் சொன்னது, இந்த லித்தியம் பேட்டரிக்காக 2019ல மூணு பேருக்கு நோபல் பரிசு கொடுத்தாங்க, அதுல குட்இனஃப்ங்கிறவருக்கு அப்போ வயசு 97. சிரிச்சாரு, கோபம் குறைஞ்சுது. ரெண்டாவது ஆட்சேபத்தைச் சிரிச்சுத் தள்ள முடியலை. "ஒருத்தன் வீட்டுல வச்சா நாளைக்கு அது அவன் சாமான்னு ஆயிடும். தோட்டம் துண்டாடுனப்ப கோயில் பாத்திரம், சலங்கை, உறுமி எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போச்சு, திரும்பி வரலை. அதுல இருந்துதான் பூட்டுப் போட ஆரம்பிச்சோம்."

அவர் சொல்றது உண்மை. அந்தப் பூட்டுக்குப் பின்னாடி ஒரு வலி இருக்கு, அதைத் தெரியாம இளவட்டம் "பழைய காலத்து ஆளுங்க"ன்னு பேசக் கூடாது. ஆனா பித்தளைக் குத்துவிளக்கைப் பூட்டி வச்சா நூறு வருஷம் இருக்கும். பேட்டரியைப் பூட்டி வச்சா பூட்டு மட்டும்தான் மிஞ்சும். குத்துவிளக்குக்குப் பூட்டு, பேட்டரிக்கு நோட்டுப் புத்தகம்னு பிரிச்சுக்கலாம்னு நான் சொல்றேன். நோட்டுல மூணு கோயில் செயலாளரும் மாசாமாசம் கையெழுத்துப் போட்டா, அது யாரோட சாமான்னு சந்தேகமே வராது.

ரெண்டு கோயில் சம்மதிச்சிருக்கு. மூணாவது கோயில் தலைவர், "எங்க திருவிழாவுக்கு முந்தின வாரம் உங்களுக்கு அவசர வேலை வந்தா யாருக்கு முதல்ல?"ன்னு கேட்டிருக்காரு. திருவிழா இருக்கிற கோயிலுக்கு முன்னாடி 21 நாள் முழு உரிமை, மத்தவங்க அப்போ ஜென்செட்ல ஓட்டிக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கோம். அவங்க பதில் அடுத்த மாசக் கூட்டத்துல வரும். இன்னொண்ணும் முடிவாகலை. நவம்பர், டிசம்பர் மழைக்காலத்துல மூணு கோயில்லயும் வேலை நின்னுடும், அந்த ரெண்டு மாசம் செட் யார் வீட்டுல இருக்கிறதுன்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம். உங்க வட்டாரத்துல இது மாதிரி கோயிலுக்குக் கோயில் சாமான் சுத்துற ஏற்பாடு ஏற்கனவே இருந்தா, பந்தல் கம்பியோ நாற்காலியோ எதுவா இருந்தாலும் சரி, எப்படி எழுதி வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. எங்களுக்கு அந்த வாசகம் தேவைப்படுது.